தொரை கையில துண்டு போட்ட கதை

இதை எழுதாமயே விட்டிருப்பனுங்க. நெசமாத்தான் சொல்றேன். பேனாவை எடுக்கறதும், மசி காஞ்சு போறதும், "அட, இதையெல்லாம் ஆரு படிக்கப் போறா"ன்னு கட்டல்ல சாயறதுமா ஒரு மழைக்காலமே ஓடிப் போச்சு. நாலாவது படிக்கறப்பவே எங்க வாத்தியாரு, "போதும்டா சாமி, நீயும் பொழச்சுக்கோ, நானும் பொழச்சுக்கறேன்"னு என்னைய ஊட்டுக்கு அனுப்பி வெச்சவரு. அந்தப் படிப்பை வெச்சுட்டு என்னத்தை எழுதறது?

ஆனா இந்த ஏலப்பாறைத் தோட்டத்துல ஆளாளுக்கு இந்தக் கதையைத் தப்பாச் சொல்லிட்டுத் திரியறாங்க. போன வாரம் ஒரு அம்மா என்கிட்டயே வந்து, "ஏதோ ஒரு பய தொரையோட விரலைக் கடிச்சுத் துப்பிட்டானாமே, அவன் இன்னும் இங்கதான் இருக்கானா?"ன்னு கேக்கறா. (கடிக்கலீங்க. தேடினேன். அவ்வளவுதான்.) இன்னும் கொஞ்ச நாள் விட்டா முழுங்கிட்டேன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னால நானே சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. சொந்த ஊரு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கம்மாவோட தம்பி, அதாவது என்ற மாமன், மாட்டுத் தரகு. பொள்ளாச்சிச் சந்தைக்கும் எங்கூருச் சந்தைக்கும் நடையா நடந்து பேரெடுத்த மனுசன். பள்ளிக்கூடம் கைவிட்டதும் என்னைய அவருகிட்டத்தான் ஒப்படைச்சாங்க.

மாட்டுத் தரகுல வாயிக்கு வேலையே இல்லீங்க. (அதுதான் என்ற கெரகம்.) விக்கறவனும் வாங்கறவனும் எதிரெதிரா நிப்பாங்க. ரெண்டு பேரு கை மேலயும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. உள்ள ஒருத்தன் விரலை ஒருத்தன் புடிப்பான். ஒரு விரலைப் புடிச்சா ஒரு வெலை, ரெண்டு புடிச்சா அதுக்கு மேல, அஞ்சையும் சேத்துப் புடிச்சா அதுக்கும் மேல. வெலை கட்டலைன்னா மத்தவன் கையை உதறுவான். கட்டுச்சுன்னா உள்ளங்கையில ஒரு தட்டு. முடிஞ்சுது யாவாரம். சுத்தி ஊரே நின்னாலும் என்ன வெலைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கிட்டு, மழை வருமா வராதான்னு பேசிட்டிருப்பாங்க. துண்டுக்குள்ள மட்டும் பெரிய சண்டை நடக்கும்.

எனக்கு விரல் பாஷை சீக்கிரமே வந்துருச்சு. வாயை மூடறதுதான் வரலை.

ஒரு நா எங்க பக்கத்துப் பெரிய பண்ணாடி (நெலபுலம் உள்ள பண்ணைக்காரரு) ஒருத்தரு, ஒரு சோடி காளைக்கு வெலை கேட்டு என்ற விரலைப் புடிச்சாரு. புடிச்ச வெலை இருக்குதே, எனக்குச் சிரிப்புத் தாங்கலை. "ஏனுங்க பண்ணாடி, இந்த வெலைக்கு வாலு மட்டுந்தானுங்க வரும். சோடியாத்தான் வேணும்னா ரெண்டு வாலாத் தாரனுங்க!"ன்னு சத்தமாச் சொல்லிப் போட்டேன். சந்தையே சிரிச்சுது. மாடு கூட சிரிச்ச மாதிரி இருந்துது. பண்ணாடி சிரிக்கலை. மாமனும் சிரிக்கலை.

துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்றது மாட்டுத் தரகுல கொலைக்குத்தமுங்க. அதோட நம்ம பொழப்பு முடிஞ்சுது. மாமன் என்னையப் பாத்து, "இனி உன்ற துண்டுக்குள்ள எவன்டா கை வெப்பான்? போ, போய் வேற எதுனா பாரு"ன்னுட்டாரு.

நான் சும்மா போவனா? சந்தை நடுவுல நின்னு, "போங்க மாமா! தொரைமாரு தோட்டத்துல உத்தியோகம் வாங்கிட்டுத்தான் இந்த மண்ணுல கால் வெப்பேன்!"னு சவால் உட்டேன். (எந்தத் தொரை, என்ன உத்தியோகம்னு எனக்கே தெரியாது. வாயில வந்துது, சொன்னேன்.) மாமன், "அப்படியா? அப்ப ஊருக்குள்ள ஒரு தொல்லை ஒழிஞ்சுது"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

சவால் உட்டாச்சு. அதைக் காப்பாத்த ஆளு வேணுமில்ல? அந்தோணி ஞாபகம் வந்துது.

அந்தோணி என்ற கூடப் படிச்சவன். எங்கூரு மாதா கோயிலுக்குப் பக்கத்து ஊடு. அப்பன் செத்ததும் அம்மாளைக் கூட்டிட்டு ஏலப்பாறைக்குப் போயி, அங்க தேயிலை அரைக்கற ஸ்டோருல வேலைக்குச் சேந்துட்டான். ஒருக்கா மாதா கோயில் தேர் நோம்பிக்கு வந்தப்ப, "நீயும் ஒரு நா வாடா, பாத்துக்கலாம்"னு சொன்னான். மரியாதைக்குச் சொன்னதுங்க. எல்லாரும் சொல்றதுதான். நான் அதையே கெட்டியாப் புடிச்சுட்டு, பொள்ளாச்சியில ரயிலேறி, திண்டுக்கல்லுல எறங்கி, கம்பம் போயி, குமுளி மலையேறி, கடைசியா ஒரு மாட்டு வண்டியில காலித் தேயிலைப் பொட்டிக்கு நடுவுல ஒடுங்கிட்டு, தோட்டத்து ஆளுக வரிசையாக் குடியிருக்கற லயத்துல அவன் வாசல்ல போய் நின்னேன்.

கதவைத் தொறந்தவன் மூஞ்சியில சந்தோசத்தைத் தேடிப் பாத்தேன். இல்லை.

"நெசமாலுமே வந்துட்டியாடா?"ன்னான்.

"நீதான கூப்பிட்ட?"

"நான் கூப்பிட்டேன். நீ வந்துட்டயே!"

நல்லவனுங்க அந்தோணி. அதுக்கப்புறம் அவனும் அவங்கம்மாளும் எனக்குச் சோறு போட்டு, கம்பளி குடுத்து, காலெல்லாம் அட்டை கடிச்ச எடத்துல சுண்ணாம்பு தடவி உட்டாங்க. நான் போய்ச் சேந்த நேரத்துல, மலையில கொழுந்து எடுக்கறவங்களை மேப்பாக்கற கணக்கப்புள்ளை வேலைக்கு ஒரு எடம் காலியாயிருந்துது. அந்தோணி தொரைகிட்டப் போயி, "எங்கூருப் பையன் ஒருத்தன் இருக்கானுங்க. படிச்சவன். ரொம்ப அடக்கமான பையன்"னு சொல்லிட்டு வந்தான். (மூணுல ஒண்ணுதான் நெசம். எங்கூருங்கறது.)

இங்க ஒரு வழக்கம் இருக்குது. ஆளைக் கொண்டாந்தவன்தான் அந்த ஆளுக்குப் பொறுப்பு. வந்தவன் திருடினா, ஓடிப் போனா, தொரையை எதுத்துப் பேசினா, கொண்டாந்தவனுக்கும் சேத்து வேலைச் சீட்டைக் கிழிச்சிருவாங்க. சீட்டுப் போனா லயத்து ஊடும் போச்சு. ஆக, அந்தோணியோட வேலையும் அவங்கம்மா தலைக்கு மேல இருக்கற தகரமும் என்ற நாக்குல நிக்குது. அந்தோணிக்கு இது நல்லாத் தெரியும். பாவம், அன்னிக்கு அவனுக்கு மூஞ்சி வெளுத்து வெளுத்துப் போச்சு.

தொரையைப் பாக்கப் போற அன்னிக்குக் காலையில, தேயிலைச் செடிக்கு நடுவுல நடந்துகிட்டே பாடம் சொல்லிக் குடுத்தான்.

"செருப்பைக் கேட்டுக்கு வெளியவே கழட்டிரு. துண்டு தோள்ல இருக்கப்படாது, இடுப்புல கட்டிக்க. மூஞ்சியப் பாத்து தைரியமாப் பேசு. கூனிக் குறுகி நின்னா தொரைக்குப் புடிக்காது. அப்பறம், முக்கியமா ஒண்ணு. தொரையோட வலது கை..."

"வலது கையில சோறு திம்பாரு, இடது கையில..."ன்னு நான் ஆரம்பிச்சேன்.

"டேய், சொல்றதைக் கேளுடா. அந்தக் கையை..."

"முத்தங் குடுக்கோணுமா? சரிடா, குடுத்துட்டாப் போச்சு."

அவன் நின்னுட்டான். என்னைய ஒரு பார்வை பாத்தான். "உனக்குச் சொன்னேன் பாரு, என்னையச் சொல்லோணும்"னு முன்னால போயிட்டான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்னிக்கு முழுசாக் கேட்டிருந்தன்னா இந்தக் கதையே கெடையாது.

தொரை ஆபீசு வாசல்ல நாக்காலி போட்டு உக்காந்திருந்தாரு. இடது கையில சுங்கான், அதுதான் பொகை குடிக்கற குழாயி. வலது கை கோட்டுப் பைக்குள்ள. காலடியில கன்னுக்குட்டி பெருசுக்கு ஒரு நாயி. பக்கத்துல சுடலைமுத்துக் கங்காணி நின்னுட்டிருந்தாரு. திருநெல்வேலிக்காரரு, மீசையைப் பாத்தாலே அழுகற புள்ளை வாயை மூடிக்கும்.

"பேர் என்ன?"ன்னாரு தொரை.

"நாச்சிமுத்துங்க!"ன்னேன். தைரியமாப் பேசோணும்னு சொன்னானில்ல, நாயி எந்திரிச்சு உக்காந்துருச்சு.

"முன்னே என்ன வேலை செய்தான்?"

"செய்தானுங்க, மாட்டு யாவாரம் செய்தானுங்க"ன்னேன். (அவரு பேசற மாதிரியே நானும் பேசினா அவருக்குச் சுலபமாயிருக்குமேன்னு.) கங்காணி மீசை லேசா ஆடுச்சு. அந்தோணி தூணுக்குப் பின்னால கண்ணை மூடிட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தான்.

தொரை என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பறம் கோட்டுப் பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கை மேல பாக்கற மாதிரி எனக்கு முன்னால நீட்டி, "கை!"ன்னாரு.

இது என்னன்னா, வேலைக்கு வர்றவனோட கையை வாங்கிப் பாக்கறது. காச்சுப் போயிருந்தா பாடுபட்ட ஆளு, மெத்துன்னு இருந்தா சோம்பேறி. எல்லாத் தோட்டத்துலயும் உள்ளதுதான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மாட்டுச் சந்தையில வளந்தவனுக்குத்தான் தெரியாது. எனக்கு முன்னால ஒருத்தன் கையை நீட்டினா, அதுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான்.

ஆகா, சம்பளம் பேசறாரு! சுத்தி ஆளுக நிக்கறதுனால வெளிய சொல்ல வேண்டாம்னு பாக்கறாரு! என்ன ஒரு நாகரிகம்! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. சந்தைக்காரனுக எல்லாம் ஒதுக்கின கைக்கு ஒரு தொரை கை நீட்டறாரு!

அந்தோணி சொன்னபடி கண்ணைத் தொரை மூஞ்சியை உட்டு எடுக்காம, இடுப்புல இருந்த துண்டை உருவினேன். சடார்னு தொரை கை மேல போட்டேன். உள்ள கையை உட்டு விரலைப் புடிச்சுட்டேன். புடிச்சுட்டு, முறைப்படி வானத்தைப் பாத்து, "இன்னிக்கு மழை வருமுங்களா தொரை?"ன்னு கேட்டேன்.

தொரை கல்லாயிட்டாரு. வாய்க்குப் போன சுங்கான் பாதியிலயே நிக்குது. நான் மூணு விரலைப் புடிச்சேன். அவரு வெடுக்குனு இழுத்தாரு. சரி, கட்டலை போலிருக்குது, எச்சாக் கேட்டுட்டோம்னு ரெண்டா கொறைச்சேன். மறுபடியும் இழுத்தாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு. கணக்கப்புள்ளை வேலைக்கு ஒத்தை விரலா? நம்ம கையா கொக்கா? ஒரேடியா அஞ்சுக்குப் போயிட்டு அப்பறம் எறங்கி வரலாம்னு மொத்தமாச் சேத்துப் புடிச்சேன்.

ஒண்ணு கொறையுது.

மறுபடியும் எண்ணினேன். பெரு விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல். அதுக்கு அக்கட்டால ஒண்ணுமில்லை. வழுவழுன்னு ஒரு முண்டு. சந்தையில சில கில்லாடிக இருக்கானுக. சுண்டு விரலை மடக்கி உள்ள ஒளிச்சுக்கிட்டு, அப்பறம் "நான் நாலுதான சொன்னேன்"னு ஏமாத்துவானுக. நான் அந்த முண்டைச் சுத்தி நல்லாத் துழாவினேன். ஒளிச்ச விரலு வரவேயில்லை.

அப்பத்தான் என்ற வாயி தொறந்துது.

"ஏனுங்க தொரை, அஞ்சாவதை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க? யாவாரம்னா ஒரு நாணயம் வேண்டாமுங்களா? வெளிய உடுங்க, நான் ஒண்ணும் தின்னுற மாட்டேன்!"

அந்த நேரம் பாத்து அந்தப் பாழாப் போன நாயி, ஏதோ விளையாட்டுன்னு நெனச்சு, துண்டோட ஒரு முனையைக் கவ்வி இழுத்துட்டு ஓடுச்சு. துண்டு போச்சு. எல்லாரு கண்ணுக்கும் முன்னால நான் தொரையோட கையைப் புடிச்சுட்டு நிக்கறேன். சுண்டு விரலு இருக்க வேண்டிய எடத்துல என்ற ரெண்டு விரலு தடவிட்டிருக்குது.

அந்த விரலு எப்படிப் போச்சுன்னு ஆருக்கும் தெரியாது. ஜெர்மன்காரன் சுட்டதுன்னு ஒருத்தன் சொல்லுவான். சிறுத்தைன்னு ஒருத்தன். அவரு பொஞ்சாதின்னு கங்காணி சொல்லுவாரு, அதுவும் ஆபீசுக்கு ரொம்பத் தள்ளி வந்துதான் சொல்லுவாரு. தோட்டத்துல அந்தக் கையை ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கக் கூடாது. அவரும் அதைப் பையை விட்டு எடுக்க மாட்டாரு. ஆளைப் பாக்கறப்ப மட்டும், சுங்கான் இந்தக் கையில இருக்குதேன்னு அந்தக் கையை நீட்டுவாரு. வர்றவனெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கிட்டுக் கையைக் காட்டிட்டுப் போயிருவான். இதைத்தான் அந்தோணி காலையில சொல்ல வந்துருக்கறான்.

தொரை மூஞ்சி தக்காளிப் பழமாச் செவந்துது. "போ!"ன்னு ஒரு சத்தம். நாயி துண்டைக் கீழ போட்டுட்டுது. கங்காணி என்ற கழுத்தைப் புடிச்சுட்டாரு. "ஏலே, கூறு கெட்ட மூதி! யார் கையப் புடிச்சு என்ன பேசுத? நட!"

தொரை தூணுப் பக்கம் திரும்பினாரு. "அந்தோணி. நாளை பெரட்டில் நீ என்னைப் பார்க்கணும்."

பெரட்டுன்னா, காலையில எல்லாரையும் ஒரு களத்துல நிறுத்தி, ஆளுக்கு இன்ன வேலைன்னு பிரிச்சு உடறது. அங்க வரச் சொன்னா, எல்லாருக்கும் முன்னால சீட்டைக் கிழிக்கப் போறாங்கன்னு அர்த்தம்.

அன்னிக்குப் பூரா அந்தோணி என்கூட ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். நானும் ரெண்டு மூணு தரம் நக்கலடிச்சுப் பாத்தேன், சிரிப்பான்னு. "விடுடா, அவருக்கே ஒண்ணு கொறையறப்ப நமக்கு வேலை கொறைஞ்சா என்ன"ன்னேன். சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். அவங்கம்மாதான், "கஞ்சி ஆறுது, குடிச்சுப்புடு கண்ணு"ன்னாங்க. அந்தக் கண்ணுங்கற வார்த்தையைக் கேட்டதும் கஞ்சியைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேனுங்க.

விடியறதுக்குள்ள ஓடிப் போயிரலாம்னு முடிவு பண்ணினேன். ஆமாங்க, பொய் சொல்லலை. என்ற தைரியம் அவ்வளவுதான். மூட்டையைக் கட்டிட்டேன். கதவுக்குக் கிட்ட வந்தப்ப, அந்தோணியோட அம்மா ஒரு முக்காலி மேல ஏறி, சொவத்துல மாட்டியிருந்த மாதா படத்தை எறக்கிட்டிருந்தாங்க. ஊட்டைக் காலி பண்ணறப்ப அதைத்தான் மொதல்ல எடுப்பாங்களாம். கீழ எறங்க முடியாம ஒரு கையில படத்தை வெச்சுட்டு, "சித்த புடி கண்ணு"ன்னு என்கிட்ட நீட்டினாங்க.

வாங்கினேன். அந்தம்மாளைக் கையப் புடிச்சு எறக்கி உட்டேன். அப்பறம் நானே முக்காலி மேல ஏறி, படத்தை மறுபடியும் அதே ஆணியில மாட்டிட்டு, மூட்டையை மூலையில போட்டுட்டு, நேரா பெரட்டுக் களத்துக்கு நடந்தேன்.

பனி மூட்டத்துல களம் நெறைய ஆளுக. கூடையை முதுகுல மாட்டிட்டு பொம்பளைக வரிசை வரிசையா நிக்கறாங்க. நேத்து நடந்தது அதுக்குள்ள எல்லா லயத்துக்கும் போயிருக்குது. என்னையப் பாத்ததும் வரிசையில ஒரே கிசுகிசு. அந்தோணி முன்னால தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான். தொரை குதிரையை உட்டு எறங்கினாரு.

நான் ஆளுகளை வெலக்கிட்டு முன்னால போனேன். கங்காணி குறுக்க வந்தாரு. "ஏலே, இன்னும் போகலியா நீ? எங்கிட்டுல போற?"

"தொரைகிட்டப் பேசோணுமுங்க."

"நேத்துப் பேசுனது பத்தாதோ?"

அவரு கைக்கடியில குனிஞ்சு நுழைஞ்சு தொரைக்கு முன்னால போய் நின்னேன். மூஞ்சியப் பாத்தேன். தைரியமாத்தான் ஆரம்பிச்சேன், சத்தந்தான் கோழிக்குஞ்சு மாதிரி வந்துது.

"தொரை, நேத்து நடந்தது பூரா என்ற மடத்தனமுங்க. எங்க சந்தையில கையை நீட்டினா வெலை பேசறதுங்க. அதுதான் துண்டைப் போட்டுட்டேன். அந்தோணி காலையிலேயே என்னமோ சொல்ல வந்தானுங்க. நான்தான் நக்கலடிச்சுக் கேக்காம உட்டுட்டேன். சீட்டு எனக்குத்தான் இல்லை, கிழிக்கறதுக்கும் ஒண்ணுமில்லை. அடிக்கறதுன்னா என்னைய அடிங்க. அவன் ஊட்டை உட்டுருங்க. அவங்கம்மாளுக்கு முக்காலியில இருந்து எறங்கறதே கஷ்டமுங்க."

(முக்காலியை ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.)

தொரை என்ற இடுப்பைப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு. "துண்டு எங்கே?"

இடுப்புல இருந்துது. நாயி கடிச்ச ஓட்டையோட. எடுத்துக் குடுத்தேன். தொரை கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்தாரு. அத்தன சனத்துக்கும் முன்னால. அவரே என்ற கை மேல துண்டைப் போட்டாரு. உள்ள கையை உட்டாரு. வானத்தைப் பாத்தாரு.

"இன்னிக்கு மழை வருமா?"ன்னாரு.

"வ... வருமுங்க"ன்னேன்.

துண்டுக்குள்ள என்ன நடந்துதுன்னு இத்தன வருசமா நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. அந்தோணிகிட்டயும் இல்லை. இப்பத்தான் மொத மொதல்லச் சொல்றேன், தொரை சீமைக்குப் போயிட்டாருங்கற தைரியத்துல. வெலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த நாலு விரலால என்ற அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சு, கரும்பாலையில கரும்பை உட்டாப்புல ஒரு முறுக்கு முறுக்கினாரு பாருங்க! எலும்பெல்லாம் மொறுமொறுன்னுச்சு. கத்தினா அந்தோணி சீட்டுப் போயிருமோன்னு பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். கண்ணுல தண்ணி கொட்டுது, வாயி சிரிக்குது. பாத்தவங்களெல்லாம், பையனுக்கு என்னமோ பெரிய சம்பளம் குடுத்துருக்காரு, சந்தோசத்துல அழுகறான்னு நெனச்சுட்டாங்க.

"சரியா?"ன்னாரு தொரை.

"ரொம்பச் சரிங்க."

உள்ளங்கையில ஒரு தட்டு. "அந்தோணி, ஸ்டோருக்குப் போ. கங்காணி, இவன் மாட்டுப் பட்டி."

கணக்கப்புள்ளை வேலை அதோட போச்சு. மாட்டுப் பட்டின்னா எஸ்டேட்டு மாடுகளுக்குச் சாணி வழிக்கற வேலை. கையை ஒரு வாரத்துக்கு மடக்க முடியலை. ஒத்தைக் கையாலதான் சாணி வழிச்சேன். ஆனா அந்தோணி ஊடு நின்னுச்சு, மாதா படமும் ஆணியை உட்டு அசையலை.

அன்னிக்குக் கூடை மாட்டிட்டு நின்ன பொம்பளைகள்ல ஒருத்தி, பேச்சியம்மா, அம்பாசமுத்திரத்துப் பக்கம். கொழுந்துக் கூடையோட பட்டி வழியாப் போறப்பெல்லாம், "என்னய்யா, தொரை என்ன வெல பேசுனாரு? சொல்லுமேன்"னு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். "துண்டுல பேசுனதை வெளிய சொல்லக் கூடாது புள்ளை"ம்பேன், பெரிய மனுசனாட்ட. அந்த ஒரு வெலையைத் தெரிஞ்சுக்கறதுக்காகவே என்னையக் கட்டிக்கிட்டா. கட்டின பொறவும் சொல்லலை. ஊருல மாமனுக்கு இது போயி, "அவனா? வாயைத் தொறக்காம இருக்கறானா? வேற எவனையோ சொல்றீங்க"ன்னாராம்.

தொரைக்குத்தான் அந்தத் துண்டு விளையாட்டு புடிச்சுப் போச்சு. வண்டிக் காளை வாங்கக் கம்பத்துச் சந்தைக்குப் போறப்ப என்னையக் கூட்டிட்டுப் போயி, தரகனுக கையில தானே துண்டைப் போட்டாரு. அங்கதான் வேடிக்கை. தரகன் அஞ்சு சொல்லலாம்னு விரலைத் தேடறான், அங்க நாலுதான் இருக்குது! எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் தொரைகிட்ட நாலுக்கு மேல போகவே முடியலை. நல்ல நல்ல காளையாப் புடிச்சுட்டு வந்தோம். தரகனுக தலையில கை வெச்சுட்டு உக்காந்துட்டானுக. திரும்பி வர்ற வழியில தொரை அந்தக் கையைப் பைக்குள்ள வெக்கவேயில்லை. வண்டி மேல நீட்டிக்கிட்டு, நல்லா வெயில் காட்டிட்டு வந்தாரு. அதுக்கப்பறம் தோட்டத்துல அந்தக் கையைப் பாக்க ஆரும் பயந்ததில்லை. எனக்கும் சாணியிலிருந்து மாடு வாங்கற வேலைக்குப் பதவி ஏறுச்சு.

என்ற ஊட்டுல மட்டும் எனக்கு ஏத்தமே இல்லீங்க. பேச்சியம்மா எனக்குக் காப்பி குடுத்தாலும் டம்ளரு மேல துண்டைப் போட்டுத்தான் குடுப்பா. மகன் பொறந்தப்ப, மருத்துவச்சி கொழந்தையைத் துணியில சுத்திக் கொண்டாந்து என்ற மடியில போட்டு, "அப்பங்காரரே, எல்லாம் சரியா இருக்கான்னு உள்ள கைய விட்டு எண்ணிக்கிடும்"னா. லயம் பூராச் சிரிச்சுது. நான் எண்ணிட்டேன்னு வெச்சுக்குங்க. இருபதும் இருந்துது.

இப்ப பேச்சியம்மாளோட தம்பி, என்ற மச்சினன், ஊருல சும்மா திரியறானாம். புதுசா வந்திருக்கற தொரைகிட்டச் சொல்லி அவனுக்கு ஒரு வேலை வாங்கித் தரோணும்னு ஊட்டுல ஒரே தொணதொணப்பு. சிபாரிசு பண்றதுக்கு அந்தோணியை விட்டா ஆரு இருக்கறா? அவன் இப்ப ஸ்டோருல பெரிய ஆளு. நேத்து சாயங்காலம் போயி, "டேய் அந்தோணி, என்ற மச்சினன் வர்றான். தொரையைப் பாக்க வர்றப்ப என்னென்ன கொண்டாரோணும்னு சொல்லி உடட்டும்?"னு கேட்டேன்.

அந்தோணி தேயிலையை மோந்து பாத்துட்டிருந்தவன், தலையைக் கூடத் தூக்காமச் சொன்னான்: "கையை ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லு."